ஓட்டை இல்லாத டயர்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ரேஸ் சிஸ்டர்' என்று பெயர். எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். கட்டுப்போட்ட கால்களைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு கூட்டமே படுத்திருக்க, நடுவே அவள் ஒருத்தி மட்டும் ஓட்டமாக ஓடிக்கொண்டிருப்பாள். உட்கார்ந்து டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. நின்றபடியே குடிப்பாள், அப்போதும் ஒரு குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். "கொஞ்சம் உக்காருங்க சிஸ்டர், உங்களப் பாத்தா எங்களுக்கு மூச்சு வாங்குது" என்று நோயாளிகள் கெஞ்சுவார்கள். "உக்காந்தா தூக்கம் வந்துடும்" என்பாள். அது பொய். உட்கார்ந்தால் அவளுக்கு யோசனை வரும். அதுதான் அவளுக்கு ஆகாது.

சைக்கிள் அவள் வாழ்க்கைக்குள் வந்தது காலை ஷிஃப்டுக்கு பஸ் கிடைக்காததால். கல்யாணமான புதிதில் கணவன்தான் வாங்கித் தந்தான், முன்னால் கூடை வைத்த சாதாரண சைக்கிள். ஒருநாள் ஏரிக்கரைச் சாலையில், கூடைக்குள் சாப்பாட்டு டப்பா குதிக்க, பளபளச் சட்டை போட்ட ஏழெட்டு ரேஸ்காரர்களை அவள் முந்திக்கொண்டு போனாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்பதைத் தவிர அவளுக்கு வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை. அவர்களுக்கு ரோஷம் வந்து, மூச்சிரைக்கத் துரத்திவந்து, சிக்னலில் பிடித்தார்கள்.

"எந்த க்ளப் நீங்க?"

"எலும்பு வார்டு" என்றாள்.

அடுத்த மாதம் அவளும் பளபளச் சட்டைக்கு மாறியிருந்தாள். முப்பது வயதைத் தாண்டி ரேஸுக்குப் போனவள் என்று க்ளப்பில் இன்றைக்கும் அவளைப் பற்றிச் சொல்வார்கள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்து அடுக்குமாடிகளின் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் அவன் பொழுது கழியும். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன். வீட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பான். இரண்டு படி இறங்கியதும் திரும்ப ஏறிவந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈரச் சாலை வளைவொன்றில் அவள் சறுக்கி விழுந்து காறையெலும்பை உடைத்துக்கொண்டபோது, அவளுடைய வார்டிலேயே அவளுக்குப் படுக்கை போட்டார்கள். கூட வேலை செய்யும் நர்ஸுகள் வந்து வந்து கேலி பேசிவிட்டுப் போனார்கள். அவன் மட்டும் வெளியே நடைவழி பெஞ்சில், உள்ளே வராமல், நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எலும்பு கூடி, அவள் மறுபடி சைக்கிளை வெளியே எடுத்த காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

இந்த வருஷம் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி வந்தது. அதற்காகத்தான் அந்தச் சக்கரங்களை வாங்கினாள். வேறு நாட்டுக்குக் குடிபோன ஒரு ரேஸ்காரர் விற்றுவிட்டுப் போனது. இறகு மாதிரி இருக்கும். அதில் போடுவது ட்யூபுலர் டயர். சாதாரண சைக்கிளில் டயர் வேறு, ட்யூப் வேறு; பஞ்சரானால் கழற்றி ஒட்டிவிடலாம். இது அப்படியில்லை. ட்யூபை உள்ளே வைத்து, தலையணை உறையை மூடுவதுபோல் டயரைச் சுற்றிலும் தைத்து, தையலின் மேல் ஒரு துணிப்பட்டையை ஒட்டி, மொத்தத்தையும் பசை போட்டு ரிம்மோடு சேர்த்துவிடுவார்கள். ஓடும்போது அப்படி ஒரு சுகம். காற்றுப் போனால் மட்டும் எங்கே போச்சு, ஏன் போச்சு என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

காற்று போக ஆரம்பித்தது.

முதல் தடவை ஏரிக்கரையில். பின்சக்கரம் திடீரென்று பஞ்சு மாதிரி ஆகி, ரிம் தரையில் தட்டியது. டயரைத் தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணாடித் துண்டோ முள்ளோ ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து காற்றடித்துத் தொட்டியில் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி முக்கினாள். வால்வு ரிம்முக்குள் நுழையும் துளையிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. "வால்வுதான்" என்றார் கம்பி மாஸ்டர். க்ளப்புக்கு அருகே கடை வைத்திருந்தவர். போக்ஸ் கம்பி கோத்துச் சக்கரம் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதனால் அந்தப் பெயர். பழைய டயரைக் கழற்றி வேறொன்று ஒட்டித் தந்தார்.

அது இரண்டு வாரம் நின்றது. மறுபடி அதே ஏரிக்கரை, அதே பின்சக்கரம், தொட்டியில் அதே வால்வுத் துளையில் குமிழ். மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். "பசைல ஏதோ கோளாறு சிஸ்டர். இல்லன்னா வெயில்ல வச்சிருப்பீங்க."

"நான் எங்க மாஸ்டர் வெயில்ல வச்சேன்? வீட்டுக்குள்ள என்னையவிட அதுக்குத்தான் நல்ல எடம்."

மூன்றாவது டயர் ஓடிக்கூட இல்லை. முந்தின நாள் கல்லு மாதிரி காற்றடித்து, பால்கனிக் கதவோரம் சாய்த்து வைத்திருந்தாள். மறுநாள் விடிகாலை பயிற்சிப் போட்டி. எழுந்து வந்து தொட்டால் பின்சக்கரம் செத்துக் கிடந்தது. அன்றைக்குப் போகவே முடியவில்லை. அந்தச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். நின்ன எடத்திலேயே காற்றுப் போகுதென்றால் வால்வைத் தவிர வேறென்ன என்று மாஸ்டர் முடிவே கட்டிவிட்டார். வால்வின் உள்பாகத்தை மாற்றினார், முறுக்கி இறுக்கினார், அதன்மேல் பசைநாடா சுற்றினார். ஆனாலும் அந்த டயரை நம்ப அவளுக்கு மனமில்லை. புத்தம்புதிதாக நான்காவதை ஒட்டச் சொன்னாள்.

கீழ்வீட்டில் இருந்த நாத்தனார் மாடியேறி வந்து தன் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னாள். "கண்ணு பட்டிருக்கும். அந்த க்ளப்ல ஒருத்தி எப்பவும் உன் காலையே பாத்துட்டு நிக்கிறா, நான் கவனிச்சேன்."

"என் கால்ல கண்ணு பட்டா கால் இல்லக்கா வீங்கணும்? டயர் ஏன் எறங்குது?"

"வீக்கம் எறங்குற மாதிரி எறங்குது போல" என்று சொல்லிவிட்டு அவள் தன் பாட்டுக்குப் போனாள்.

இவளால் சிரிக்கவும் முடியவில்லை. காரணம் தெரிந்த கஷ்டத்தோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் அவளால் குடித்தனம் நடத்த முடியும். எலும்பு உடைந்தால் படத்தில் கோடு தெரியும்; இதுதான் என்று விரலை வைக்கலாம். இதில் எங்கே விரலை வைப்பது? வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது யோசனை டயருக்குப் போய்விடும். சாலையில் போகும்போது காது முழுக்கப் பின்சக்கரத்தில்தான். ஸ்ஸ் என்று ஏதாவது கேட்டால் சட்டென்று பிரேக் பிடிப்பாள். பார்த்தால் யாராவது கடை வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். மருந்தறையில் நின்றுகொண்டு சைக்கிள் டயரைத் தொடுவதுபோல் குளுக்கோஸ் பையை அழுத்திப் பார்த்த நாளும் உண்டு. தலைமை நர்ஸ் பார்த்துவிட்டு, "என்னம்மா, அதுவும் பஞ்சரா?" என்றார்.

தேர்வுப் போட்டி நெருங்கிவிட்ட ஒரு வாரத்தில் நான்காவதும் போயிற்று. மேட்டில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். கீழே ரிம் கடகடவென்று தட்டியது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. மத்தியானம் ஹாலில் பழைய துணியை விரித்து, கழற்றிப் போட்ட டயர்களை எல்லாம் கொண்டுவந்து கொட்டினாள். கணவனும் அன்று வீட்டில்தான் இருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ ஸ்விட்சைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்வதென்று அவள் தீர்மானித்திருந்தாள். டயரைப் பிரித்து உள்ளே பார்த்துவிடுவது. தையலைப் பிரித்தால் திரும்பத் தைப்பது பெரும்பாடு; அதனால் எல்லாரும் வெளியே இருந்தே ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் டயரின் துணிப்பட்டையை உரித்தாள். பிளேடால் ஒவ்வொரு நூலாக அறுத்தாள். ட்யூபை வெளியே இழுத்துக் காற்றடித்துக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள். வால்வுப் பக்கம் ஒன்றுமில்லை. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, ஊசிமுனைக் காற்று கன்னத்தைத் தொட்டது.

"வால்வே இல்ல!" என்று கத்தினாள். "ஏங்க, பாருங்க. ஓட்டை இங்க இருக்கு. காத்து உள்ளயே சுத்திக்கிட்டு வால்வுத் துளை வழியா வெளிய வந்திருக்கு. மத்த எடமெல்லாம் பசை அடைச்சிருக்குல்ல, அதான்."

அவன் நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினான்.

இன்னொன்றையும் கவனித்தாள். ஓட்டை சாலையைப் பார்த்த பக்கத்தில் இல்லை. ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தது. எந்த முள்ளாலும் அங்கே போக முடியாது. ஆனால் உடனே அவளுக்குக் குழம்பிவிட்டது. ரிம்மிலிருந்து எதுவோ குத்துகிறதென்றால், ஆள் ஏறி ஓட்டினால்தானே குத்தும்? பால்கனியோரம் சும்மா நின்ற டயர் எப்படிப் போயிற்று? அப்போ ரிம்மும் இல்லையா? மூன்றாவது டயரை எடுத்து மடியில் போட்டு, துணிப்பட்டையின் முனையை நகத்தால் கிளப்பினாள்.

"அதப் பிரிக்காத" என்றான் கணவன்.

"ஏன்?"

"நல்ல டயரு. வீணாப் போயிடும்."

"நல்ல டயரா? ஒரே ராத்திரில செத்துப் போச்சு, இதுவா நல்ல டயரு?"

பிளேடை வைத்தாள். முதல் நூல் அறுந்தது. இரண்டாவது அறுந்தது. அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"பிரிக்காதன்னு சொல்றேன்ல. அதுல ஓட்டை இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் பதில் சொல்வதற்கு எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"நான்தான் எறக்கி விட்டேன்" என்றான். "அன்னிக்கு மழை வரும்னு சொன்னாங்க. நீ அந்த வளைவுல போவேன்னு தெரியும். வால்வ அழுத்திப் புடிச்சுக்கிட்டு நின்னேன். காத்து முழுசாப் போற வரைக்கும்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு இன்னொன்று வந்துவிட்டது. அதை நினைத்துப் பிற்பாடு அவளே சிரித்திருக்கிறாள். அப்படியென்றால் மூன்றாவது டயர் கணக்கிலேயே இல்லை! மற்ற மூன்றும் ஓடும்போது போனவை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் என்று நம்பித்தானே இத்தனை நாள் வால்வையே சுற்றிச் சுற்றி வந்தார்கள்!

"இருங்க. உங்களோட சண்டை இருக்கு, அத அப்புறம் போடறேன்" என்று சொல்லிவிட்டு அந்த டயரைத் தூக்கி ஓரமாக எறிந்தாள்.

இரண்டாவதைப் பிரித்தாள். நான்காவதையும் பிரித்தாள். பிரித்த மூன்றையும் வால்வுக்கு நேர் வால்வாகத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப் போட்டாள். மூன்று ஓட்டைகளும் ஒரே வரிசையில், வால்விலிருந்து அதே ஒரு சாண் தூரத்தில், கோடு போட்ட மாதிரி நின்றன. டயர்களுக்கு அவ்வளவு ஒற்றுமை தானாக வராது. சக்கரத்தை இழுத்து வைத்து, அந்த இடத்தில் ரிம்மைத் தடவினாள். ஒன்றும் தெரியவில்லை. பழைய பசை அடுக்கடுக்காகக் காய்ந்து தோல் மாதிரி மூடியிருந்தது. சட்டைப் பையில் கையை விட்டால் எப்போதும் பஞ்சு இருக்கும், அது நர்ஸ் பழக்கம். பஞ்சை உருட்டி ரிம்மின் மேல் மெதுவாக இழுத்தாள். ஒரு இடத்தில் இழை மாட்டியது. மறுபடி இழுத்தாள். மறுபடி அங்கேயே மாட்டியது.

பசையைச் சுரண்டினாள். ரிம்மின் துளைக்குள்ளிருந்து ஒரு போக்ஸ் கம்பியின் முனை, பேனா நிப்பு மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் குனிந்து பார்த்தான். "அழுத்திப் பாரு" என்றான். அவள் சக்கரத்தைத் தரையில் நிறுத்தி உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினாள். முனை மயிரிழை அளவு மேலே வந்தது. விட்டதும் இறங்கிக்கொண்டது.

"நீ எழுந்து நின்னு மிதிக்கும்போதெல்லாம் ஒரு குத்து குத்தியிருக்கு" என்றான்.

"நீங்க பேசாதீங்க" என்றாள்.

மாஸ்டர் கடையில் அந்தக் கம்பியைக் காட்டியதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது. வாங்கிய புதிதில் அந்தச் சக்கரத்தில் ஒரு கம்பி உடைந்திருந்தது. சரியான நீளம் கையில் இல்லாமல் கொஞ்சம் நீளமானதைப் போட்டு முறுக்கியது அவர்தான். "ஒரு நகக்கண்ணு அளவு அதிகம், அவ்வளவுதான் சிஸ்டர்" என்றார்.

"அந்த நகக்கண்ணு என்னைய மூணு தடவ நடக்க விட்டுச்சு மாஸ்டர்."

அவர் சரியான கம்பியைப் போட்டு, ரிம் முழுக்கப் பசையைச் சுரண்டி, துளைகளின் மேல் அவள் கண்முன்னாலேயே பஞ்சை இழுத்துக் காட்டினார். மீதமிருந்த ஒரே டயர், கணவன் காற்றை இறக்கிய அந்த ஓட்டையில்லாத டயர்தான். அறுந்த இரண்டு நூலையும் ஒரு ஊசி வாங்கி அவளே தைத்தாள். காயத்துக்குத் தையல் போடுவதைப் பார்த்துப் பழகிய கை, கச்சிதமாகத்தான் வந்தது.

சக்கரம் குணமாகிவிட்டது. வீடு ஆகவில்லை. அவள் சொன்ன சண்டையைப் போடவே இல்லை, அதுதான் கொடுமை. பேச்சு நின்றுபோனது. சாப்பாட்டுத் தட்டு சத்தத்தோடு மேஜைக்கு வந்தது. வார்டில் யாருக்கோ மாற்றாக இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் அலமாரியைக் காலி செய்து துடைத்து மறுபடி அடுக்கினாள். நாத்தனார் மாடிக்கு வந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதையே சொல்லாமல் இறங்கிப்போனாள்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில" என்று ஆரம்பித்தான். "உன்ன ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டு வந்தப்ப உன் ஹெல்மெட்ட என் கைல குடுத்தாங்க. அது ரெண்டாப் பொளந்திருந்துச்சு. உனக்குத் தெரியாது. நீ பாக்கறதுக்கு முன்னால நான் தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் கை நின்றது.

"எலும்பு ஒடஞ்சதப் பத்தித்தான் எல்லாரும் பேசினாங்க. நான் அந்த ஹெல்மெட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், உள்ள வர முடியல. லிஃப்ட்ல எல்லாத்துக்கும் ஒரு பூட்டு உண்டு. கயிறு அறுந்தாலும் புடிச்சுக்கும். உனக்கு என்ன இருக்கு?"

"அதுக்கு என் காத்தைப் புடுங்கணுமா?"

"வேற என்ன பண்றதுன்னு தெரியல."

"வாயத் தெறந்து சொல்லணும். பயமா இருக்குன்னு சொல்லணும்."

"சொன்னா நிப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லவும் மனம் வரவில்லை. "மாட்டேன்" என்றாள். "ஆனா ஈர ரோட்டுல கொஞ்சம் மெதுவாப் போவேன். இத்தன நாள் உங்களுக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். அது வெளிய தெரியக் கூடாதுன்னே அந்த வளைவுல இன்னும் வேகமாப் போயிருக்கேன்."

"உனக்குமா பயம்?"

"பின்ன? ஒடஞ்சது என் எலும்புங்க."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் பம்பை எடுத்துக்கொண்டு வந்து அவனே காற்றடித்தான். நிறுத்தியதும் வால்வை முறுக்கி இழுத்துப் பார்த்தான். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி வந்து இழுத்துப் பார்த்தான்.

போட்டியில் அவள் ஜெயிக்கவில்லை. பாதி வழியெல்லாம் காது பின்சக்கரத்திலேயே கிடந்தது. ஒரு இறக்கத்தில் நிஜமாகவே ஸ்ஸ் என்று கேட்டு பிரேக்கில் விரலை வைத்தாள். பக்கத்தில் வந்த பெண்ணின் டயர். அவள் ஒதுங்கிப்போக, இவள் குனிந்து மிதித்தாள். கடைசி மேட்டில் எழுந்து நின்றாள், சக்கரம் தாங்கியது. ஐந்தாவதாக வந்தாள். அணியில் நான்கு பேர். அவள் மாற்று ஆள். யாருக்காவது ஏதாவது ஆனால் கூப்பிடுவார்கள். "எனக்குன்னு வாய்ச்சது பாரு, உக்காந்து காத்திருக்கிற வேலை" என்று வார்டு முழுக்கப் புலம்பினாள்.

கூப்பிடவும் செய்தார்கள், இரண்டு மாதம் கழித்து. போனாள். நடுவில்தான் முடித்தாள், ஆனால் முடித்தாள்.

இன்றைக்கும் அவள் விடிகாலையில் கிளம்புகிறாள். வாசலில் ஷூவை மாட்டும்போது உள்ளேயிருந்து கணவனின் குரல் வரும்.

"பயமா இருக்கு."

"சரிங்க" என்பாள்.

"மழை வரலாம்."

"மெதுவாப் போறேங்க."

அதற்குப் பிறகு அவன் பல் தேய்க்கப் போய்விடுவான். அவள் படியிறங்கும்போது சைக்கிள் தோளில் இருக்கும். பாதிப்படியில் நின்று பின்டயரைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, மீதிப்படியை ஓட்டமாக இறங்குவாள்.